லூச்சு ராஜாவைக் கப்பலேற்றியவள்

ரங்கூனில் தாமுவே சந்தைக்குப் பின்னால் இருக்கும் மர வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த கமலாட்சியை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் எழுதுகிறவள் என்பது மட்டும் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவள் புருஷன் பொன்னுத்துரை. ஆற்றில் ஓடும் லாஞ்சுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். இன்னொருவர் லான்மடாவில் சின்ன அச்சகமும் ஒரு மாதப் பத்திரிகையும் நடத்திக்கொண்டிருந்த பர்மியர், ஊ அவுங் பே.

அவளுடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா நகராட்சித் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்தார். கமலாட்சி படித்தது எல்லாம் பர்மிய மொழியில். வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் பர்மியம்தான் வாயில் வரும். பட்டம் வாங்கிய பிறகு ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டவணை எழுதும் வேலை கிடைத்தது. புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், அலமாரி எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடவேண்டும். பதினோரு வருஷம் அதைச் செய்தாள்.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊரே வீதிக்கு வந்தபோது நூலகக்காரர்களும் வந்தார்கள். கமலாட்சி மூன்று நாள் நடந்தாள். ஒரு துணிப் பதாகையின் இடது பக்கக் கம்பு அவள் கையில் இருந்தது. அடுத்த வருஷம் அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. இன்னின்ன தேதியில் எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று கேட்டிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று பலரும் எழுதினார்கள். கமலாட்சிக்கு அப்படி எழுத வரவில்லை. “வீதியில் இருந்தேன். கம்பு பிடித்தேன். கூட வந்தவர்கள் பெயர் ஞாபகமில்லை” என்று எழுதினாள். கடைசி வாக்கியம் ஒன்றுதான் பொய். வேலை போய்விட்டது.

அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்திலிருந்து பர்மியத்துக்கு. முதலில் வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியம், நிலநடுக்கம் ஏன் வருகிறது, திமிங்கலம் எப்படிக் குட்டி போடுகிறது என்று துண்டு துண்டாகக் கொடுத்தாள். ‘மா வின் யீ’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டாள். அரசாங்க வேலையிலிருந்து விலக்கப்பட்டவள் பெயரைப் பத்திரிகையில் பார்த்தால் யாருக்காவது உறுத்தும் என்று ஊ அவுங் பே சொன்ன யோசனை அது. அந்த மனிதருக்கு ஆஸ்துமா. சிரித்தால் இருமல் வந்துவிடும் என்பதால் சிரிக்கமாட்டார்.

தொண்ணூற்றாறாம் வருஷ மழைக்காலத்தில், பான்சோடான் வீதி நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பி வைத்திருந்தவனிடம் அவளுக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கம் இல்லை. எழுதியவர் பெயரும் அந்தப் பதினாறு பக்கத்தோடு போய்விட்டது. கிழக்குக் கடலில் கப்பல் ஓட்டியவர்கள் பார்த்த தேசங்களைப் பற்றிய புத்தகம். அதில் ஒரு நீண்ட அத்தியாயம் ‘லூச்சு’ என்ற தீவு ராஜ்யத்தைப் பற்றியது. இன்றைக்கு அது ஜப்பானின் ஒகினாவா.

அந்த அத்தியாயத்தை அவள் அடுப்பில் சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் படித்தாள். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே கடலில் சிதறிக் கிடந்த தீவுகள். ராஜாவிடம் பெரிய படை கிடையாது. கப்பல் விடுவது, சரக்கு மாற்றுவது, விருந்தாளியை நன்றாகக் கவனிப்பது, இவைதான் பலம். சீனச் சக்கரவர்த்திக்கும் காணிக்கை அனுப்புவார்கள். ஜப்பானியப் பிரபுவுக்கும் அடங்கி நடப்பார்கள். சீனத் தூதர்கள் வரும்போது தீவில் இருக்கும் ஜப்பானிய அதிகாரிகள் எல்லாம் ஒரு கிராமத்துக்குப் போய் ஒளிந்துகொள்வார்கள். ஜப்பானிய நாணயங்களை எடுத்து மறைத்துவிடுவார்கள். தூதர்கள் போனதும் எல்லாம் வெளியே வரும். இப்படியே இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஜப்பான் மாறியது. புது அரசாங்கம், புதுத் துப்பாக்கி. சீனாவுக்குக் காணிக்கை அனுப்பாதே என்று முதலில் உத்தரவு வந்தது. ராஜா உடம்பு சரியில்லை என்றார். மனு அனுப்பினார். யோசிக்க அவகாசம் கேட்டார். ஐந்து வயதில் பட்டத்துக்கு வந்தவர் அவர். காலத்தைக் கடத்தத்தான் அவருக்குத் தெரியும். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் நூற்றைம்பதுக்கு மேல் போலீஸ்காரர்களும் சில நூறு சிப்பாய்களும் மலைமேல் இருந்த அரண்மனைக்குள் வந்தார்கள். ஒரு அதிகாரி காகிதத்தைப் பிரித்துப் படித்தார். இன்று முதல் ராஜ்யம் இல்லை, இது ஒரு மாவட்டம். சில நாளில் கோட்டையைக் காலி செய்யவேண்டும். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ராஜா பல்லக்கில் இறங்கிப் போனார். இரண்டு மாதம் கழித்து டோக்கியோவுக்குக் கப்பலேற்றினார்கள்.

“இதை மூணு பகுதியா எழுதறேன்” என்றாள் கமலாட்சி. ஊ அவுங் பே தாடையைத் தேய்த்தார்.

“எங்கேயோ இருக்கிற தீவு. நூறு வருஷத்துக்கு முந்தின கதை. இதுல யாருக்கு என்ன வரப்போகுது? எழுதுங்க, மா கமலா.”

அந்தக் காலத்தில் பத்திரிகையை அச்சடித்த பிறகு முதல் பிரதிகளை ஓர் அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்கவேண்டும். பிடிக்காத பக்கம் இருந்தால் எல்லாப் பிரதியிலிருந்தும் கிழித்துவிடச் சொல்வார்கள். பிடிக்காத வரி இருந்தால் வெள்ளி நிற மை பூசச் சொல்வார்கள். முதல் பகுதி, காணிக்கையும் ஒளிந்து விளையாடுவதும் பற்றியது, எந்தத் தடங்கலும் இல்லாமல் வெளியே வந்தது. ‘அடுத்த இதழில் ராஜா அரண்மனையை விட்டுப் போகிறார்’ என்பது அதன் கடைசி வரி.

கடிதங்கள்தான் ஊ அவுங் பேயைக் கலக்கின. மவுல்மேனிலிருந்து மோன் இனத்து வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார்: எங்கள் ராஜ்யத்தின் கதையை எவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டீர்கள்! தங்கள் ராஜ்யங்களை இழந்திருந்த ஷான் இனத்தவர் ஒருவர், நீங்கள் எங்கள் பக்கத்து ஆளா என்று கேட்டிருந்தார். மாண்டலே முதியவர் ஒருவர், வெள்ளைக்காரன் நம் மன்னரை மாட்டுவண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனதை நினைத்து அழுதேன் என்று எழுதியிருந்தார். லூச்சுவைப் பற்றி ஒருவருமே கேட்கவில்லை.

“நான் தீவைப் பத்தித்தானே எழுதினேன்?” என்றாள் கமலாட்சி.

“அவங்கவங்க தீவை அவங்கவங்க பார்த்துக்கறாங்க” என்று சொன்ன ஊ அவுங் பேக்கு இருமல் வந்துவிட்டது.

இரண்டாம் பகுதி அச்சாகி அலுவலகத்துக்குப் போனது. நான்கு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, ஊ அவுங் பே தானே தாமுவேக்கு வந்துவிட்டார். அவர் அதுவரை அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஒரு காகிதத்தை நீட்டினார். கட்டுரையை எழுதியவர், மூலப் புத்தகத்தோடும் அடையாள அட்டையோடும், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரவேண்டும்.

பொன்னுத்துரை அதை வாங்கிப் பார்த்தார். கையில் இருந்த கிரீஸ் காகிதத்தில் பட்டது.

“மாவ்பியில ரத்தினம்மா அக்கா வீடு இருக்கு. கொஞ்ச நாள் அங்க போய் இரேன் கமலா.”

“எதுக்கு? கோழி மேய்க்கவா?”

“வெளையாடாத.”

“நான் போயிட்டா இவரைக் கூப்பிடுவாங்க. இவரால மாடிப்படியே ஏற முடியாது. நான் எழுதினேன், நானே போறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த நான்கு நாள் அவளுக்கு ஒரு கவளம் நிம்மதியாக இறங்கவில்லை. தன் கட்டுரையைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு அதிகாரி கண்ணால் படித்துப் பார்த்தாள். எழுதும்போது சாதுவாக இருந்த வரிகள் எல்லாம் இப்போது பல்லைக் காட்டின. ‘சிப்பாய்கள் வாசலை மறித்து நின்றார்கள்.’ எந்தச் சிப்பாய்கள்? எந்த வாசல்? ‘ஒருவரும் அவர்களை அழைக்கவில்லை.’ ஐயோ. எல்லாவற்றையும்விட மோசமாக ஒன்று இருந்தது. டோக்கியோவில் ராஜாவுக்கு என்ன நடந்தது என்று சொல்லும் மூன்று வரி: ‘அவருக்குப் பெரிய வீடு கொடுத்தார்கள். பட்டமும் கொடுத்தார்கள். ஆனால் அவர் நினைத்தபோது வெளியே போக முடியவில்லை.’ ரங்கூனில் ஏரிக்கரையில், எதிர்க்கட்சித் தலைவியை ராணுவம் ஆறு வருஷம் சிறை வைத்த வீடு ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. இந்த வரிகளை எழுதும்போது அந்த வீடு அவள் நினைப்பிலேயே இல்லை. அதை யார் நம்புவார்கள்?

செவ்வாய்க்கிழமை பொன்னுத்துரை லாஞ்சு வேலைக்குப் போகவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். அலுவலக வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார்.

“நீ வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன். பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போனா ஒரு சத்தம் போடு.”

“சத்தம் போட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?”

அவர் யோசித்தார். “நானும் சத்தம் போடுவேன்” என்றார்.

உள்ளே ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க அதிகாரி. ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு குமாஸ்தா நோட்டைத் திறந்து வைத்திருந்தார். அதிகாரி அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டோ கமலாட்சி. மா வின் யீ என்பது நீங்கள்தானா?”

“ஆமாம், சயா.” பர்மியத்தில் மரியாதையாக ஒருவரை அப்படித்தான் அழைப்பது; பெண் பெயருக்கு முன்னால் ‘டோ’ போடுவார்கள்.

“இந்தியர்.”

“இங்கேயே பிறந்தவள், சயா. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்.”

“ஒரு ராஜ்யத்தை இன்னொரு தேசம் எடுத்துக்கொண்ட கதையை நீங்கள் எங்களுக்குச் சொல்கிறீர்கள். எங்கள் தேசத்தை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டபோது அவன் கப்பலில் வந்தவர்கள்தானே உங்கள் ஆட்கள்?”

குமாஸ்தாவின் பேனா ஓடியது. கமலாட்சிக்குப் பொய் சொல்ல ஒன்றும் இல்லை.

“ஆமாம், சயா. அந்தக் கப்பலில்தான் வந்தார்கள். அடித்தட்டில்.”

அதிகாரியின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. புத்தகத்தை வாங்கினார். அவள் குறித்து வைத்திருந்த பக்கங்களைப் பிரித்து, ஆங்கிலத்தையும் அவளுடைய பர்மியத்தையும் வரி வரியாக ஒப்பிட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் போனது. அதற்கு மேலும் போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிப்பாய்கள் எண்ணிக்கை?”

“புத்தகத்தில் இருப்பதுதான், சயா. ‘சில நூறு’.”

“இந்த மூன்று வரி. பெரிய வீடு. வெளியே போக முடியவில்லை.”

“அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. நூற்று முப்பத்தேழாம் பக்கம்.”

பார்த்தார். இருந்தது. “இருக்கிறது. ஆனாலும் வேண்டாம்” என்று அந்த மூன்று வரியைச் சிவப்புப் பென்சிலால் சுழித்தார். பிறகு குமாஸ்தாவிடம், “டீ வாங்கிவா. மூன்று. நல்ல பாலாகப் போடச் சொல்” என்றார்.

குமாஸ்தாவின் செருப்புச் சத்தம் படியிறங்கி மறையும்வரை அவர் பேசவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் அரக்கான்காரன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ராஜ்யத்தைப் பர்மிய மன்னர் எடுத்துக்கொண்டார். எங்கள் பெரிய புத்தர் சிலையை மலைக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ராஜாவையும் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரில் நெல் அறுக்கும் பெண்களுக்குக்கூட இது தெரியும்.” குரல் தணிந்திருந்தது. “உங்கள் கட்டுரையில் ராஜா டோக்கியோ போனதோடு முடித்துவிட்டீர்கள். ஜனங்கள் என்ன ஆனார்கள்?”

கமலாட்சிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை.

“எந்த ஜனங்கள், சயா?”

“அந்தத் தீவு ஜனங்கள்தான். ராஜா போய்விட்டார். அதன் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்? இருக்கிறார்களா? அவர்கள் பாஷை இருக்கிறதா? அடுத்த மாதம்வரை காத்திருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.”

இதற்காகவா? நான்கு நாள் சோறு இறங்காமல் கிடந்தது இதற்காகவா? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியாது, சயா. புத்தகத்தில் இல்லை. சில பேர் சீனாவுக்குத் தப்பிப் போய் உதவி கேட்டார்கள். ஒருவர் மனு எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டார். அதோடு புத்தகம் வேறு தேசத்துக்குப் போய்விடுகிறது.”

“அப்படியானால் கண்டுபிடித்து எழுதுங்கள்” என்றார் அதிகாரி. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மூன்று வரி நீக்கம். மற்றது அனுமதி. புத்தகம் இங்கே இருக்கட்டும்.”

அந்தப் புத்தகம் திரும்பி வரவே இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

வெளியே வந்தபோது மணி இரண்டேகால். டீக்கடையில் பொன்னுத்துரை முன்னால் ஒன்பது காலிக் கோப்பைகள் இருந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

“என்ன சொன்னான்?”

“கதையில மிச்சம் என்னன்னு கேட்டாரு.”

“என்னது?”

“நெசமாத்தாங்க. ஜனங்க என்ன ஆனாங்கன்னு கேட்டாரு. மூணு வரி வெட்டினாரு. போகச் சொல்லிட்டாரு.”

பொன்னுத்துரை அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாற்காலியை நிமிர்த்தி அதில் அவளை உட்கார வைத்து, இரண்டு தட்டு மொஹிங்கா கொண்டுவரச் சொன்னார். மீன் குழம்பு ஊற்றிய அந்தச் சேமியாவை அவள் நான்கு நாள் பசியோடு சாப்பிட்டாள். இரண்டாம் தட்டும் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது கண்ணீர் வந்தது. மிளகாய் அதிகம் என்றாள். ஆமாம், ரொம்ப அதிகம் என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் லான்மடாவ் அச்சகத்தில் ஆயிரத்து முந்நூறு பிரதிகளில் மூன்று வரிக்கு வெள்ளி மை பூசும் வேலை. கமலாட்சியும் ஒரு தூரிகை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தான் எழுதியதைத் தானே அழிப்பது துக்கமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. அன்றைக்கு அவளுக்கு எதுவுமே துக்கமாக இல்லை. மத்தியானத்துக்குள் முழங்கைவரை வெள்ளியாகிவிட்டது. ஊ அவுங் பே அதைப் பார்த்துச் சிரித்தார். பத்து நிமிஷம் இருமினார். பத்திரிகை வெளியே போன பிறகு வாசகர்கள் அந்த மூன்று வரியில் என்ன இருந்திருக்கும் என்று எழுதி அனுப்பிய யூகங்களில் பாதிக்கு மேல் அவள் எழுதியதைவிட நன்றாக இருந்தன.

மூன்றாம் பகுதிக்கு எட்டு மாதம் ஆயிற்று. ரங்கூனில் அந்த ஜனங்களைப் பற்றி யாரிடம் கேட்பது? கடைசியில் பொன்னுத்துரைதான் வழி கண்டுபிடித்தார். அவர் பழுது பார்த்த லாஞ்சு ஒன்றின் சொந்தக்காரர் மகள் ஜப்பானிய மொழி படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்கும் அம்மாள் தன்னை ஜப்பான் என்று சொல்லாமல் ஏதோ தீவின் பெயரைச் சொல்கிறாளாம்.

அந்த அம்மாளின் பெயர் ஹிகா. ஒகினாவாவில் பிறந்தவர். கமலாட்சி தன் இரண்டு கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: “பர்மாவில் இதைப் படித்தார்களா? உண்மையாகவா?”

ஞாயிற்றுக்கிழமை காலை தோறும் போய் அவள் கேட்டு எழுதிக்கொண்டாள். அரண்மனை ராணுவக் கொட்டடி ஆனது. பள்ளிக்கூடத்தில் தீவு பாஷை பேசிய பிள்ளை கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிட்டார்கள். அடுத்த பிள்ளை அந்த பாஷை பேசும்போதுதான் அது இடம் மாறும். நாற்பத்தைந்தில் நடந்த சண்டையில் நாலில் ஒருவர் செத்துப்போனார்கள். அரண்மனையும் எரிந்தது. பிறகு இருபத்தேழு வருஷம் அமெரிக்கர்கள். மறுபடி ஜப்பான். கேட்கக் கேட்க கமலாட்சிக்கு மனசு கனத்தது. இதைக் கொண்டுபோய் அந்த அரக்கான்காரரிடம் எப்படிக் காட்டுவது?

“அவ்வளவுதானா?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டாள்.

“யார் சொன்னது அவ்வளவுதான் என்று?” ஹிகா அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. “அரண்மனையைத் திரும்பக் கட்டிவிட்டோம். ஐந்து வருஷம்தான் ஆகிறது, சிவப்பாக மின்னும். மே மாதம் துறைமுகத்தில் படகுப் பந்தயம் இன்னும் நடக்கிறது. என் அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது நான் எந்த பாஷையில் திட்டு வாங்குகிறேன் என்று நினைக்கிறாய்? எழுதிக்கொள்: நாங்கள் இருக்கிறோம்.”

அதைத்தான் அவள் மூன்றாம் பகுதிக்குத் தலைப்பாக வைத்தாள். தலைப்பைப் பார்த்து ஊ அவுங் பே மறுபடி தாடையைத் தேய்த்தார். பிரதி அலுவலகத்துக்குப் போனது. ஆறாம் நாள் திரும்பி வந்தது. இருவரும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். சிவப்புப் பென்சில் எங்கேயும் படவில்லை. நம்பாமல் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு இன்னொரு தடவை புரட்டினார்கள்.

அந்த அதிகாரியை அவள் பிறகு பார்க்கவில்லை. மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளை மறுபடி யாரும் கூப்பிடவும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். இரண்டாயிரத்து மூன்றில் புனைபெயரை விட்டுவிட்டுக் கமலாட்சி என்றே போட ஆரம்பித்தாள், தெருவில் தெரிந்துபோயிற்று. இரண்டாயிரத்து எட்டில் அடித்த புயலில் கூரைத் தகரம் பறந்து சந்தைக்குள் விழுந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஊ அவுங் பே அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் மகள் அச்சகத்தை நடத்துகிறாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் கமலாட்சிக்கு ஐம்பத்தைந்து வயது. தேனீ வளர்ப்பைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து நின்றுவிட்ட பொன்னுத்துரை காலையில் அச்சுப் பிரதியைச் சத்தமாகப் படிப்பார். அவள் மூலத்தோடு சரிபார்ப்பாள். ராணித் தேனீ கூட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில் அவர் நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இதுக்கு யாரும் கூப்பிட்டு அனுப்பமாட்டாங்களே?”

“மாட்டாங்க. படிங்க” என்றாள். அவர் படித்தார்.